செலவுக்கு ஒரு வேகத்தடை

உலக சாம்பியன் அணி விதியை மீறிவிட்டது என்று ஓர் அறிக்கை வந்தால், அதில் இறக்கையின் அகலம் சில மில்லிமீட்டர் கூடிப்போனது, காரின் எடை குறைந்துபோனது போன்ற சங்கதிகள் இருக்கும் என்றுதான் கார் பந்தய ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள். 2022 அக்டோபர் 28 அன்று சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, ரெட் புல் அணி குறித்து வெளியிட்ட ஆவணத்தில் இருந்தவை வேறு. ஊழியர் கேன்டீன் சாப்பாட்டுச் செலவு, நிர்வாகம் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகை, தொழில் பழகுநர் தீர்வை, பயணச் செலவு, உதிரிபாக இருப்புக் கணக்கு. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட இனங்களில் ரெட் புல் தன் 2021ஆம் ஆண்டுச் செலவை 56,07,000 பவுண்டு குறைத்துக் காட்டியிருந்தது. அவற்றைச் சேர்த்துக் கூட்டியபோது அனுமதித்த வரம்பை 18,64,000 பவுண்டு, அதாவது 1.6 சதவீதம், தாண்டியிருந்தது. வரிச் சலுகை ஒன்றைச் சரியாகக் கணக்கில் கொண்டிருந்தால் மீறல் 4,32,652 பவுண்டாக, 0.37 சதவீதமாகக் குறைந்திருக்கும் என்று அதே ஆவணம் ஒத்துக்கொண்டது.

தண்டனை 70 லட்சம் டாலர் அபராதம். கூடவே, காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் காரின் காற்றியக்கத்தைச் சோதிக்கும் வாய்ப்பில் 12 மாதங்களுக்கு 10 சதவீத வெட்டு. மீறிய தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் அபராதம் என்றாலும் பண விஷயத்தில் ரெட் புல் அசரவில்லை. சோதனை நேரம் பறிபோனதுதான் வலித்தது. சுற்றுக்குக் கால் வினாடி முதல் அரை வினாடி வரை இழப்போம் என்று அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் புலம்பினார். அடுத்த ஆண்டு நடந்த 22 பந்தயங்களில் ரெட் புல் 21இல் வென்றது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் செலவு வரம்பு நடைமுறைக்கு வந்து 2025உடன் ஐந்து பருவங்கள் முடிந்திருக்கின்றன. போட்டியைச் சமமாக்கும், சிறிய அணிகளைக் காப்பாற்றும் என்ற இரண்டு வாக்குறுதிகளோடு வந்தது அது. இரண்டும் ஓரளவுக்கு நிறைவேறியிருக்கின்றன என்றே சொல்ல வேண்டும். ஆனால் பந்தயத் தடத்தில் சமநிலை எட்டிப் பார்ப்பதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அணி உரிமையாளர்களின் சொத்து மதிப்போ வரம்பு வந்த வேகத்திலேயே ஏறத் தொடங்கியது. அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதைப் பற்றி ரசிகர்களும் பத்திரிகைகளும் அதிகம் பேசுவதில்லை.

முதல் முயற்சி

இந்த யோசனை புதிதல்ல. 2008இன் நிதி நெருக்கடியில் ஹோண்டா டிசம்பர் மாதமே பந்தயத்தை விட்டு விலகியது. மற்ற கார் நிறுவனங்களும் கிளம்பிவிடும் என்று அஞ்சிய எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லி, 2010 முதல் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டு என்ற வரம்பை 2009 ஏப்ரலில் அறிவித்தார். பெரிய அணிகள் அதைப் போலப் பல மடங்கு செலவழித்துக்கொண்டிருந்த காலம் அது. மோஸ்லியின் திட்டத்தில் கட்டாயமில்லை. ஆசை காட்டல் இருந்தது. வரம்பை ஏற்கும் அணிக்கு அசையும் இறக்கைகளும் சுழற்சி வேகக் கட்டுப்பாடில்லாத எஞ்சினும் அனுமதிக்கப்படும். ஏற்காத அணி, கை நிறையப் பணத்தோடும் கட்டிப்போட்ட தொழில்நுட்பத்தோடும் ஓட வேண்டும்.

ஒரே பந்தயத்தில் இரண்டு சட்டங்களா என்று ஃபெராரி கொதித்தது. பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை கேட்டது; கிடைக்கவில்லை. ஜூன் மாதம் எட்டு அணிகள் சேர்ந்து தனிப் பந்தயத் தொடரே நடத்தப்போவதாக மிரட்டின. ஒரே வாரத்தில் சமரசம் ஆனது. வரம்பு போனது, மோஸ்லியும் மறுபடி தேர்தலில் நிற்பதில்லை என்று ஒதுங்கினார். அதற்குப் பதிலாக அணிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஆள்குறைப்பு, சோதனைக் குறைப்பு உடன்பாட்டைக் கண்காணிக்க உருப்படியான ஏற்பாடு கிடையாது. 2011 டிசம்பரில் ஃபெராரியும் ரெட் புல்லும் அணிகளின் சங்கத்தைவிட்டே வெளியேறின.

இதில் நசுங்கியவர்கள், 4 கோடி பவுண்டில் பந்தயம் ஓட்டலாம் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள். புதிதாக அனுமதி பெற்ற அணிகளில் அமெரிக்க அணி ஒன்று தடத்துக்கே வரவில்லை. ஸ்பெயினின் காம்போஸ் அணி, பருவம் தொடங்கு முன்பே காசு தீர்ந்து கைமாறி ஹிஸ்பானியா ரேசிங் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இந்த அணியை மறக்க முடியாது. சென்னையின் கருண் சந்தோக் 2010இலும், கோவையின் நரேன் கார்த்திகேயன் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஓட்டியது இந்தக் காரைத்தான். 2010 மார்ச்சில் பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்தில், பயிற்சிச் சுற்றுகள் நடந்துகொண்டிருக்க, சந்தோக்கின் கார் பணிக்கூடத்தில் இன்னும் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காரில் அவர் முதன்முதலாக உட்கார்ந்து ஓட்டியதே தகுதிச்சுற்றில்தான். முன்னணிக் காருக்கும் அவருக்கும் இடைவெளி சுற்றுக்குச் சுமார் 10 வினாடி. 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மெல்போர்னில், முதலிடத்தாரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்ற விதியைத் தாண்ட முடியாமல் ஹிஸ்பானியாவின் இரண்டு கார்களும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. நம் ஊர் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் அப்போது ஓட்டுநர்களின் திறமையைப் பற்றித்தான் விவாதம் நடந்தது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. வரம்பு உண்டு என்று சொல்லி அழைத்த ஆட்டத்தில், வரம்பு இல்லாமல் ஆட வேண்டியிருந்தது. ஹிஸ்பானியா 2012 முடிவில் மூடப்பட்டது; அதோடு வந்த லோட்டஸ் அணி பின்னாளில் கேட்டர்ஹாம் ஆகி 2014இல் மறைந்தது; வர்ஜின், மருசியா, மேனர் என்று பெயர் மாறி மாறி ஓடிய மூன்றாவது அணி 2017 ஜனவரியில் கதவைச் சாத்தியது. 2010 முதல் 2014 வரை மூன்றும் சேர்ந்து எடுத்தவை 2 புள்ளிகள்.

எதிரி செலவழிப்பதால்

ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டால், எதிரி செலவழிக்கிறான் என்பதுதான் பதில். பக்கத்துப் பக்கத்து ஊர்களின் திருவிழா வாணவேடிக்கை போலத்தான் இது. ஓர் ஊர் இரண்டு மடங்கு வெடி வாங்கினால் அடுத்த ஊரும் வாங்கும். கடைசியில் இரண்டு ஊருக்கும் கடன் மிஞ்சும், யார் பெரியவர் என்பது மட்டும் முடிவாகாது. மெர்சிடிஸ் அணி 2019இல் 30 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. எஞ்சின் செலவு இதில் சேராது. அது தனி நிறுவனத்தின் கணக்கு. அந்த ஆண்டு அது சாம்பியன்; ஆனால் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். உலகின் மிக வெற்றிகரமான விளையாட்டு அணிகளுள் ஒன்று, லாபம் என்று சொல்லிக்கொள்ளக் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காமல் ஓடியது.

கீழ்வரிசையில் கதை இன்னும் மோசம். ஃபோர்ஸ் இந்தியா 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் நான்காம் இடம் பிடித்தது. செலவழித்த பணத்துக்குக் கிடைத்த புள்ளிகளை வைத்துப் பார்த்தால் அதுதான் தொடரிலேயே கெட்டிக்கார அணி என்று பலரும் சொன்னார்கள். 2018 ஜூலையில் அது திவால் நிர்வாகத்துக்குள் போனது. அணி உரிமையாளர்களுள் ஒருவரான விஜய் மல்லையாவின் சொந்தச் சிக்கல்கள் அதற்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் நான்காம் இடத்து அணி சம்பளம் கொடுக்கத் திணறும் விளையாட்டில், பழுது ஓர் ஆளோடு முடிவதில்லை.

2019 அக்டோபரில் எஃப்ஐஏவும், தொடரின் வணிக உரிமையை வைத்திருக்கும் லிபர்ட்டி மீடியாவும் சேர்ந்து 2021 முதல் 17.5 கோடி டாலர் என்ற வரம்பை அறிவித்தன. சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மெல்போர்ன் பந்தயம் கடைசி நேரத்தில் ரத்தானது, ஜூலை வரை ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை, வருமானம் நின்றது. பத்தாண்டுகளாக நடக்காத பேரம் பத்தே வாரங்களில் நடந்து முடிந்தது. மே மாதம் வரம்பு 14.5 கோடி டாலராக இறங்கியது. 2022க்கு 14 கோடி, அதற்குப் பிறகு 13.5 கோடி. பணவீக்கத்துக்கும் 21க்கு மேற்பட்ட பந்தயங்களுக்கும் கூடுதல் உண்டென்பதால் நடைமுறைத் தொகை இவற்றைவிட அதிகம்.

2021இல் வரம்புக்கு வெளியே விடப்பட்டவற்றைப் பார்த்தால் யார் எதற்குப் பேரம் பேசியிருப்பார்கள் என்பது புரியும். ஓட்டுநர்களின் சம்பளம், அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று அலுவலர்களின் சம்பளம், விளம்பரம், பயணம், கட்டடம், சட்டச் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் வெளியே இருந்தன. எஞ்சின் தயாரிப்புக்கு 2023 முதல் தனி வரம்பு வந்தது, ஆண்டுக்கு 9.5 கோடி டாலர். இயந்திரங்கள், கருவிகள் போன்ற மூலதனச் செலவுக்கு இன்னொரு தனி வரம்பு.

அணி ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு மார்ச் இறுதிக்குள் கணக்கைத் தர வேண்டும். எஃப்ஐஏவின் தணிக்கையாளர்கள் அதைக் குடைந்து சான்றிதழ் தரச் செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். 2021 டிசம்பரில் அபுதாபியின் கடைசிச் சுற்றில் ரெட் புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் பட்டம் வென்றார். அந்தப் பருவத்தில் அவருடைய அணி வரம்பை மீறியது ஊருக்குத் தெரிந்தது பத்து மாதம் கழித்து, அவர் இரண்டாவது பட்டத்தையும் வென்ற பிறகு. 5 சதவீதத்துக்குக் குறைந்த மீறலுக்குப் புள்ளி பறிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. பறித்தே ஆக வேண்டும் என்றில்லை. தண்டனை குறித்து ஹார்னருக்குக் கோபம் என்றால், 4.5 லட்சம் டாலர் அபராதம் கட்டிய ஆஸ்டன் மார்ட்டினுக்கும், கணக்கைத் தாமதமாகத் தந்ததற்கு 25,000 டாலர் கட்டிய வில்லியம்ஸுக்கும் என்ன தோன்றியிருக்கும் என்று தெரியவில்லை.

ஆண்டுச் செலவும் சேர்த்து வைத்ததும்

இந்த வரம்பின் முக்கியமான குணம் ஒன்று உண்டு. அது ஓர் ஆண்டின் செலவைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதுவரை செலவழித்துச் சேர்த்து வைத்திருப்பதைத் தொடுவதில்லை. 2020 வரை கோடிகோடியாய்க் கொட்டி அமைத்த காற்றுச் சுரங்கம், ஓட்டிப் பழகும் சிமுலேட்டர், கணினி மென்பொருள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆயிரம் பேர் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம், இவையெல்லாம் பெரிய அணிகளிடம் அப்படியே இருந்தன. கதவு சாத்தப்பட்டபோது யார் உள்ளே எதை வைத்திருந்தார்களோ அதுவே பல ஆண்டுகளுக்கு அவர்களின் முன்னிலை ஆயிற்று.

வில்லியம்ஸ் அணி இதற்கு நல்ல உதாரணம். மெர்சிடிஸில் நீண்ட காலம் இருந்துவிட்டு 2023 தொடக்கத்தில் வில்லியம்ஸின் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் வவுல்ஸ், அங்கே கண்டது ஓர் எக்செல் பட்டியல். காரின் ஏறத்தாழ 20,000 பாகங்களும் அந்தப் பட்டியலில் வரிசையாக இருந்தன. ஒரு பாகத்தின் விலை என்ன, செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும், இப்போது எந்த மேசையில் இருக்கிறது, இவை எதுவும் அதில் இல்லை. முன்பக்க இறக்கை ஒன்றே நூற்றுக்கணக்கான துண்டுகளால் ஆனது. அதில் ஒன்று காணாமல் போனால் ஒருவர் எழுந்து தொழிற்சாலைக்குள் தேடிப் போக வேண்டும். முன்னணி அணிகள் இதற்கான தயாரிப்பு மேலாண்மை மென்பொருளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிப் பழகிவிட்டவை. வில்லியம்ஸ் அதை இப்போது வாங்க வேண்டுமென்றால் மூலதன வரம்பு குறுக்கே நின்றது. பணம் வைத்திருக்கும் புது முதலாளி, வாங்க விரும்பும் தலைவர், ஆனால் விதி அனுமதிக்காது. சமத்துவத்துக்காக வந்த விதி, பின்தங்கியவரைப் பின்தங்கிய இடத்திலேயே பிடித்து வைத்தது. 2023இல் பின்வரிசை அணிகளுக்கு மூலதனச் செலவில் கூடுதல் இடம் கொடுத்த பிறகுதான் இது கொஞ்சம் தளர்ந்தது.

அந்த எக்செல் பட்டியலின் விலை 2024 மார்ச்சில் மெல்போர்னில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் அலெக்ஸ் ஆல்பன் சுவரில் மோதினார். சேஸி, அதாவது காரின் அடிச்சட்டகம், அங்கே சரிசெய்ய முடியாத அளவுக்குச் சிதைந்தது. வில்லியம்ஸிடம் மாற்றுச் சேஸி இல்லை. மூன்றாவது சேஸி குறித்த காலத்தில் தயாராகியிருக்கவில்லை. இதனால் எந்தத் தவறும் செய்யாத லோகன் சார்ஜன்ட்டை இறக்கிவிட்டு அவர் காரை ஆல்பனிடம் கொடுத்தார்கள். ஆல்பன் 11ஆவதாக வந்தார். புள்ளி கிடைப்பது 10ஆம் இடம் வரை.

விபத்து என்பதன் பொருளே வரம்புக்குப் பிறகு மாறிவிட்டது. முன்பு கார் நொறுங்கினால் இரவோடிரவாகப் புது பாகங்கள் வரும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். 2021 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் மெர்சிடிஸின் ஹாமில்டனுடன் உரசி வெர்ஸ்டாப்பன் தடுப்புச்சுவரில் மோதிய விபத்துக்கு 18 லட்சம் டாலர் செலவு என்று ஹார்னர் பகிரங்கமாகக் கணக்குச் சொன்னார். அந்தப் பணம் ஆண்டின் மொத்தத்திலிருந்து கழியும்; அதாவது பின்னால் வரவேண்டிய மேம்பாட்டுப் பாகங்களிலிருந்து கழியும். 2022இல் ஹாஸ் அணியின் மிக் ஷூமாக்கர் ஜெட்டாவிலும் மொனாக்கோவிலும் காரை நொறுக்கியபோது அணித் தலைவர் ஸ்டெய்னர் பழுதுச் செலவைப் பற்றி வெளிப்படையாகவே முகம் சுளித்தார். பருவ முடிவில் ஷூமாக்கருக்கு இடமில்லை. மோதாமல் ஓட்டுவது என்பது நிதித் துறையும் மதிக்கும் திறமையாகிவிட்டது.

முடிவுப் பட்டியல் சொல்வது

பந்தய முடிவுகளைப் பார்ப்போம். 2021இல் நான்கு அணிகள் வென்றன. ஆனால் ரெட் புல், மெர்சிடிஸ் தவிர்த்த இரண்டும் வென்றது ஆளுக்கு ஒரு பந்தயம். 2022இல் ரெட் புல் 17. 2023இல் 21. வரம்பு வந்து மூன்றாம் ஆண்டில், தொடரின் வரலாறு கண்டிராத ஒற்றை அணி ஆதிக்கம். செலவு வரம்பு பயனற்றது என்று எழுத நினைத்தவர்களுக்கு அந்த ஆண்டு விருந்து.

2024இல் காட்சி மாறியது. ரெட் புல் 9, மெக்லாரன் 6, ஃபெராரி 5, மெர்சிடிஸ் 4. ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது வென்றார்கள். மெக்லாரன் 1998க்குப் பிறகு முதன்முறையாக அணிகளுக்கான பட்டம் வென்றது. அது ஓட்டுவது மெர்சிடிஸிடம் விலைக்கு வாங்கிய எஞ்சினை. எஞ்சின் செய்து கொடுத்த மெர்சிடிஸ் அணியே அதன் பின்னால் வந்தது. 2025இல் மறுபடி மெக்லாரன். லாண்டோ நோரிஸ் 423 புள்ளி, வெர்ஸ்டாப்பன் 421.

இதே மெக்லாரன் 2020இல் பஹ்ரைன் வங்கி ஒன்றில் 15 கோடி பவுண்டு கடன் வாங்கித் தப்பித்தது. அடுத்த ஆண்டு வோக்கிங்கில் உள்ள தன் புகழ்பெற்ற தலைமையகத்தையே 17 கோடி பவுண்டுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் டொயோட்டாவின் காற்றுச் சுரங்கத்தை வாடகைக்கு எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்த அணி அது. 2023இல்தான் சொந்தச் சுரங்கம் வேலை செய்யத் தொடங்கியது. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பின்வரிசையில் தடுமாறிய கார், ஜூலையில் ஆஸ்திரியாவில் வந்த மேம்பாட்டோடு முன்வரிசைக்கு ஏறியது.

இந்த ஏற்றத்தின் முழுப் பெருமையையும் செலவு வரம்புக்குக் கொடுக்க முடியாது. அதோடு ஒட்டி இன்னொரு விதியும் வந்தது. காற்றியக்கச் சோதனை நேரம் தரவரிசைக்குத் தலைகீழாகப் பங்கிடப்படுகிறது. சாம்பியன் அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம், அடுத்தடுத்த இடங்களுக்கு 5 சதவீதமாகக் கூடி, பத்தாம் இடத்துக்கு 115 சதவீதம். தண்டனையும் சேர்ந்து ரெட் புல்லுக்கு 2023இல் கிடைத்தது 63 சதவீதம். அந்த ஆண்டு அது தெரியவில்லை, ஏனென்றால் ஓடிய கார் அதற்கு முன்பே உருவானது. 2024 மே முதல் ரெட் புல் சறுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2022இல் வந்த புதிய கார் விதிகள் பழகப் பழக எல்லாக் கார்களும் நெருங்குவதும் இயல்புதான். பரிசுப் பணப் பங்கீடும் 2021இல் மாறியது. நான்கு மருந்தை ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு எது கேட்டது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆனாலும் வரம்பு செய்த ஒரு வேலையை வேறெதுவும் செய்திருக்க முடியாது. அது மேலே கூரை போட்டதைவிடக் கீழே தரை போட்டதுதான் பெரிது. 2021இல் 14.5 கோடி டாலரைச் செலவழிக்கும் வசதி எல்லா அணிகளுக்கும் இல்லை; மூன்று பெரிய அணிகள் செலவைக் குறைத்து அந்தத் தொகைக்கு இறங்கின, சிறியவை அதற்குக் கீழேயே இருந்தன. முன்பு ஒரு சிறிய அணி கூடுதலாக 5 கோடி போட்டால் ஒன்பதாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு வரும், அவ்வளவுதான். மேலே இருப்பவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டே போவார்கள். வரம்பு வந்த பிறகு உச்சி நகராது என்று தெரிந்தது. எட்டிவிடக்கூடிய தொகை என்றதும் முதலீட்டாளர்கள் வந்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லா அணிகளும் வரம்பை ஒட்டிச் செலவழிக்கின்றன. முன்பு ஹிஸ்பானியா காலத்தில் 107 சதவீதத்தைத் தொட முடியாத கார்கள் இருந்த தொடரில், 2025இல் தகுதிச்சுற்றின் முதல் கட்டத்தில் 20 கார்களும் ஒன்று, ஒன்றரை வினாடிக்குள் அடங்கிவிடும் நாட்கள் சாதாரணமாக இருந்தன.

லாபம் போன இடம்

உரிமையாளர்களுக்கு நேர்ந்ததை மூன்று விற்பனைகள் காட்டும். வரம்பு 14.5 கோடியாக இறங்கி மூன்று மாதம் கழித்து, 2020 ஆகஸ்டில், வில்லியம்ஸ் குடும்பம் தன் அணியை அமெரிக்காவின் டோரில்டன் நிறுவனத்துக்கு விற்றது; விலை 15.2 கோடி யூரோ. அதே டிசம்பரில் மெக்லாரன் பந்தய அணியின் ஒரு பங்கு கைமாறியபோது அதன் மொத்த மதிப்பு 56 கோடி பவுண்டு. 2025இல் பஹ்ரைன், அபுதாபி முதலீட்டாளர்கள் அதை முழுமையாகக் கையில் எடுத்தபோது மதிப்பு 300 கோடி பவுண்டுக்கு மேல். மெர்சிடிஸ் அணியின் வரிக்குப் பிந்தைய லாபம் 2020இல் சுமார் 1.3 கோடி பவுண்டு. வரம்பின் முதல் ஆண்டிலேயே அது சுமார் 6.9 கோடி.

நெட்ஃபிளிக்ஸ் தொடரும் அமெரிக்க ரசிகர்களும் இதில் பங்கு வகித்தார்கள் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஃபார்முலா ஒன் நிறுவனத்தின் வருமானம் 2021இல் 214 கோடி டாலர், 2024இல் 341 கோடி. ஆனால் பழைய காலமாக இருந்திருந்தால் இந்தக் கூடுதல் வருமானம் முழுவதும் காற்றுச் சுரங்கத்துக்குள் போயிருக்கும். வரவு கூடியது, செலவுக்குக் கூரை இருந்தது, நடுவில் நின்றது லாபம். அணிகள் பத்துக்குள் இருக்கும்படி கதவும் இறுக்கமாக மூடப்பட்டிருந்தது. புதிதாக வருகிறவர் மற்ற அணிகளுக்கு ஈடாக 20 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2021 ஒப்பந்தம் சொன்னது. 2026இல் 11ஆவது அணியாக வந்த கேடிலாக் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியதாகச் செய்தி. 2010இல் வந்த புது அணிகளுக்குச் சொன்ன வரம்பு கிடைக்கவில்லை. இவர்களுக்கு வரம்பு கிடைத்தது, வாசல் கட்டணம் ஏறிவிட்டது.

ஊழியர் பக்கம்

பெரிய அணிகள் ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு பழையபடி ஓட முடியாது. சிலர் வேலை இழந்தார்கள். 2020இல் மெக்லாரன் குழுமம் 1,200 பேரைக் குறைப்பதாக அறிவித்ததில் சுமார் 70 பேர் பந்தய அணியைச் சேர்ந்தவர்கள். நிறையப் பேர் பக்கத்து அறைக்கு மாற்றப்பட்டார்கள். ஃபெராரி தன் பொறியாளர்களில் சிலரை ஹாஸ் அணிக்கு அனுப்பியது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு 50 ஆண்டுகள் கழித்து முதல்தரப் பிரிவில் திரும்பி, 2023இல் வென்றது. மெர்சிடிஸ் ஆட்கள் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகு வடிவமைப்பில் இறங்கினார்கள். ரெட் புல் பணக்காரர்களுக்கான அதிவேகக் காரைச் செய்யத் தொடங்கியது. படகுக்கும் காருக்கும் செய்யும் ஆராய்ச்சி பந்தயக் காருக்குள் கசிந்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது. 2023 தொடக்கத்தில் எஃப்ஐஏ அதற்கும் ஓர் அடைப்புப் போட்டது.

தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. அதிகச் சம்பளக்காரர் மூவருக்கு வரம்பில்லை. ஏட்ரியன் நியூவி போன்ற வடிவமைப்பாளரை ஆஸ்டன் மார்ட்டின் இழுத்தபோது அவர் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கார் மேம்பாட்டுக்கான பணத்தில் ஒரு காசு குறையாது. ஆனால் நான்காவது ஆளிலிருந்து கடைசி ஆள் வரை எல்லாருடைய சம்பளமும் கார்பன் ஃபைபர் துணியோடும் டைட்டானியம் போல்ட்டோடும் ஒரே பானையில் கிடக்கிறது. ஒருவருக்குச் சம்பளம் கூட்டினால் ஓர் இறக்கை குறையும். 2022இல் பிரிட்டனின் பணவீக்கம் அக்டோபரில் 11.1 சதவீதத்தைத் தொட்டது; அந்த ஆண்டுக்கு வரம்பை உயர்த்தியது 3.1 சதவீதம். அதையும் சிறிய அணிகள் எதிர்த்தன. பெரும்பாலான அணிகளின் தொழிற்சாலைகள் இருப்பது இங்கிலாந்தில்.

அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல் 1994இல் சம்பள வரம்பு கொண்டுவந்தபோது அது வீரர்களின் சங்கத்தோடு பேசி, தொடரின் வருமானத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்பட்டது. வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும். 1994இல் அணிக்கு 3.46 கோடி டாலர், 2024இல் 25.54 கோடி. ஃபார்முலா ஒன்னில் 2021 முதல் 2023 வரை வருமானம் ஏறியது, அடிப்படை வரம்பு இறங்கியது. 2026க்கு அது 21.5 கோடியாக உயர்ந்திருப்பதிலும் பெரும் பகுதி, முன்பு வெளியே இருந்த இனங்களை உள்ளே கொண்டுவந்ததன் விளைவு. வரம்பை மாற்றுவது பற்றி முடிவெடுக்கும் ஃபார்முலா ஒன் ஆணையத்தில் எஃப்ஐஏ, வணிக உரிமை நிறுவனம், அணிகள் ஆகிய மூன்று தரப்புக்கு வாக்கு உண்டு. ஊழியர் தரப்பு என்று ஒன்று கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு வந்திருக்கிறது. சாபர் அணியின் தொழிற்சாலை சுவிட்சர்லாந்தின் ஹின்வில் ஊரில் இருக்கிறது. அங்கே சம்பளம் இங்கிலாந்தைவிட மிக அதிகம். ஒரே தொகையில் அவர்களால் குறைவான ஆட்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அணி நிர்வாகம் நெடுநாள் வாதாடியது. 2026 விதிகளில் சம்பளம் அதிகமுள்ள நாட்டுக்கு வரம்பில் ஈடு தர எஃப்ஐஏ ஒப்புக்கொண்டது. அதற்குள் சாபரை ஆடி நிறுவனம் வாங்கிவிட்டிருந்தது. சம்பளத்தின் பெயரால் இதுவரை கிடைத்திருக்கும் இந்தச் சலுகையையும் கேட்டு வாங்கியது முதலாளி தரப்புதான்.